கணினி கேள்வி–பதில்: பூட் ஆகாத கணினியும் பழுதான ஹார்ட் டிஸ்க்கும்

சென்ற இதழுக்குப் பின் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை, ஹார்ட் டிஸ்க் கோளாறால் கணினி பூட் ஆகாமல் (இயங்குதளம் ஏறித் தொடங்காமல்) நின்றுவிடுவதைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கேள்விகளைச் சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் என் மேசைக் கணினியை இயக்கினால், கறுப்புத் திரையில் ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்ற வரி மட்டும் வருகிறது. எந்த விசையை அழுத்தினாலும் அதே வரிதான். ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறார் பழுது பார்ப்பவர். உள்ளே என் மகளின் ஆய்வேடும் குடும்பப் புகைப்படங்களும் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா?

பதில்: போய்விட்டது என்று இந்த ஒரு வரியை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதனால்தான், ஃபார்மட் என்ற யோசனையை இப்போதைக்கு ஏற்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஆய்வேடு பத்திரமாக வேறோர் இடத்தில் இருக்கிறது என்று தெரியும்வரை அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துகூடப் புதிதாக எழுதப்படக் கூடாது.

திரையில் அந்த வரி வந்திருப்பதே ஒரு நல்ல செய்தியைச் சொல்கிறது. மதர்போர்டு, பிராசஸர், ரேம், திரை ஆகியவை சோதனையில் தேறி, பயாஸ் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள்) தன் வேலையின் கடைசிக் கட்டத்துக்கு வந்து, இயங்குதளத்தை எந்த டிஸ்க்கிலிருந்து ஏற்றுவது என்று தேடியிருக்கிறது. அப்படியொரு டிஸ்க் அதற்குக் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதற்கு டிஸ்க்கின் மரணம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் யூஎஸ்பி போர்ட்டில் மறந்து விட்ட ஒரு பென் டிரைவும், தளர்ந்துபோன ஒரு கேபிளும், தீர்ந்துபோன ஒரு பேட்டரியும் இதே வரியைத்தான் வரவழைக்கும்.

ஆகவே பென் டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க் அனைத்தையும் கழற்றிவிட்டு ஒருமுறை இயக்கிப் பாருங்கள். பயன் இல்லையென்றால், கணினியை இயக்கியவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தொடர்ந்து அழுத்திப் பயாஸுக்குள் செல்லுங்கள். சில கணினிகளில் இந்த விசை வேறாக இருக்கும், முதல் திரையின் கீழே அதைக் குறிப்பிட்டிருப்பார்கள். டிஸ்க்குகளின் பட்டியலில் உங்கள் ஹார்ட் டிஸ்க்கின் மாடல் எண்ணும் கொள்ளளவும் சரியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். மேற்கொண்டு செய்வதெல்லாம் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது.

பெயர் தெரியவில்லையென்றால் கணினியை நிறுத்தி, மின் இணைப்பைப் பிளக்கிலிருந்தே பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறக்கலாம். சாட்டா (டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் முறை) டிஸ்க்குக்கு இரண்டு இணைப்புகள் உண்டு: தகவலுக்கான 7 முனைக் கேபிள் ஒன்று, மின்சாரத்துக்கான 15 முனைக் கேபிள் ஒன்று. இரண்டையும் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள். முடிந்தால் தகவல் கேபிளை வேறொன்றாக மாற்றி, மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். டிஸ்க்கைக் குற்றம் சாட்டுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பார்ப்பது செலவே இல்லாத சோதனை. ஆயினும் பலர் இதைத் தவிர்த்துவிட்டு நேரே புது டிஸ்க் வாங்கிவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

பெயர் தெரிகிறது, ஆனால் கடிகாரம் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டுகிறது என்றால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அது தீர்ந்ததும் பயாஸ் அமைப்புகள் ஆலை நிலைக்குத் திரும்பியிருக்கலாம். பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கை, யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் மட்டும் தேடும்படி அமைப்பு மாறிவிட்டால், நல்ல டிஸ்க்கும் பூட் ஆகாததாகத்தான் தோன்றும். பயாஸில் சாட்டா இயங்கும் முறை (ஏஎச்சிஐ, ரெய்டு என்பவை அதற்கான இரண்டு தேர்வுகள்) ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியிருந்தால் விண்டோஸ் பாதிவரை வந்து, ‘இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத் திரையில் நின்றுவிடும். புதிய பேட்டரியைப் போட்டுப் பழைய அமைப்புகளை மீட்டாலே இவ்விரண்டும் தீர்ந்துவிடும்.

பெயரும் தெரிகிறது, அமைப்புகளும் சரியாக உள்ளன என்றால், பூட் கோப்புகள் சிதைந்திருக்கலாம், அல்லது அவை இருக்கும் இடத்தில் டிஸ்க் பழுதுபட்டிருக்கலாம். இவ்விரண்டில் எது என்று அறியும் வழியைக் கீழே மூன்றாவது கடிதத்துக்கான பதிலில் விரிவாக எழுதியிருக்கிறேன். தாங்கள் அதையும் படிக்க வேண்டும்.

கேள்வி: இயக்கியதும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டக்… டக்… டக்’ என்று சீரான ஒலி வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது. ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து எடுத்தால் ஒருமுறை இயங்கும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். கணினியை உடனே நிறுத்துங்கள். ஒலி இன்னும் வருகிறதா என்று பார்ப்பதற்காகக்கூட மறுபடி இயக்க வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க்கினுள் தகடுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. எழுதிப் படிக்கும் தலைப்பகுதி அவற்றைத் தொடுவதில்லை. ஒருசில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த இடைவெளியில் ஒரு தூசிக்குக்கூட இடம் இல்லை என்பது விளங்கும். தகட்டில் எழுதப்பட்டுள்ள வழிகாட்டிக் குறிகளைப் படித்துத்தான் தலைப்பகுதி தான் எங்கே இருக்கிறது என்று அறிகிறது. குறிகளைப் படிக்க முடியாதபோது அது பின்வாங்கி மறுபடி முயல்கிறது. நீங்கள் கேட்கும் ஒலி அந்த முயற்சியின் ஒலிதான். தலைப்பகுதி சேதமடைந்திருந்தால், ஒவ்வொரு முயற்சியிலும் அது தகட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டக்கூடும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த தகவலை உலகின் எந்த ஆய்வகத்தாலும் திருப்பித் தர முடியாது.

ஃப்ரீசரில் வைத்து எடுத்த டிஸ்க்கில் ஈரம் படியும். ஈரம் படிந்த தகட்டின் மேல் நானோமீட்டர் உயரத்தில் ஓடும் தலைப்பகுதிக்கு என்ன நேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தட்டிப் பார்ப்பதும், மூடியைத் திறந்து பார்ப்பதும் இதே வகையான ஆபத்துதான். அதே மாடலில் வேறொரு டிஸ்க்கின் சர்க்யூட் போர்டைக் கழற்றி மாட்டினால் போதும் என்ற யோசனையும் பலரால் சொல்லப்படுகிறது. பழைய டிஸ்க்குகளில் அது பலித்ததுண்டு. இன்றைய டிஸ்க்குகளில், அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் உள்ள ஒரு சிப்பில் பதியப்பட்டிருப்பதால், அந்தச் சிப்பையும் சேர்த்து மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றுவதால் பெரும்பாலும் பயன் இல்லை. சுழலவே சுழலாத டிஸ்க்குக்கும், ‘பீப்’ என்பது போன்ற மெல்லிய ஒலியுடன் தகடு சிக்கி நிற்கும் டிஸ்க்குக்கும் இதுவே பதில்.

தகவல் முக்கியமென்றால், தூசியற்ற அறையும் மாற்றுத் தலைப்பகுதிகளும் வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி நிறுவனத்திடம் தான் தர வேண்டும், செலவு அதிகம்தான். முக்கியமில்லையென்றால் டிஸ்க்கை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே வீட்டில் செய்து பார்க்கும் முயற்சி எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: விண்டோஸ் தொடங்குகிறது, வட்டம் சுழல்கிறது, ‘பிரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்று வருகிறது, பிறகு மறுபடி முதலிலிருந்து. டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. விசித்திரமான ஒலி எதுவும் இல்லை. செக் டிஸ்க் கட்டளையை ‘ஆர்’ விருப்பத்துடன் ஓட்டினால் பேட் செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு பகுதிகளுள் பழுதானவை) சரியாகும் என்று படித்தேன். ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம், ஆனால் இப்போது அல்ல. தங்கள் கடிதம்தான் இந்த இதழின் மையமான கேள்வியைக் கேட்டிருக்கிறது. எனவே சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

டிஸ்க் விளக்கு அணையாமல் எரிவது ஒரு முக்கியமான அறிகுறி. தகட்டில் ஒரு செக்டரைப் படிக்க முடியாதபோது, டிஸ்க் உடனே கைவிடுவதில்லை. அதையே பல முறை படிக்க முயல்கிறது. வீட்டுக் கணினிகளுக்கான டிஸ்க்குகள் ஒரே செக்டருக்காகப் பல நொடிகள் போராடக்கூடியவை. விண்டோஸ் தொடங்கத் தேவையான கோப்புகள் அப்படிப்பட்ட செக்டர்களில் இருந்தால், சாதாரணமாக ஒரு நிமிடத்தில் முடியும் வேலைக்கு ஒரு மணி நேரம்கூடப் போதாது. இதற்கு மாறாக, டிஸ்க் நலமாக இருந்து பூட் கோப்புகள் மட்டும் சிதைந்திருந்தால், பிழைச் செய்தி பெரும்பாலும் விரைவாகவே வந்துவிடும். தாமதம் டிஸ்க்கின் பழுதையும், வேகமான பிழைச் செய்தி மென்பொருளின் பழுதையும் குறிப்பது வழக்கம். இது திட்டவட்டமான விதி அல்ல. ஆனாலும் முதல் ஊகத்துக்கு நம்பத் தகுந்தது.

செக் டிஸ்க் என்பது கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்துவதற்காக எழுதப்பட்டது. தங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவதற்காக அல்ல. முரண்பாடாகத் தோன்றும் பதிவுகளை அது நீக்கும், தலைப்பிழந்த துண்டுகளை வேறொரு கோப்புறையில் எண்ணிட்டுப் போட்டுவிடும். ‘ஆர்’ விருப்பத்தைச் சேர்த்தால் டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் படித்துப் பார்க்கும். நலிந்த டிஸ்க்குக்கு இது பல மணி நேரக் கடும் உழைப்பு. அந்த உழைப்பின் முடிவில் தங்கள் கையில் ஒரு கோப்புகூட நகலாக வந்திருக்காது. டிஸ்க்கில் மிஞ்சியிருக்கும் ஆயுளை எதற்குச் செலவிடுவது என்பதே இங்குக் கேள்வி. அதைத் தகவலை நகலெடுப்பதற்குச் செலவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் வேறொரு நல்ல கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸை (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) ஒரு பென் டிரைவில் தயாரித்துக்கொண்டு, பழுதான கணினியை அதிலிருந்து பூட் செய்யுங்கள். நிறுவாமல் பயன்படுத்திப் பார்க்கும் விருப்பத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். பின்பு ‘ஸ்மார்ட்மான்டூல்ஸ்’ என்ற இலவச மென்பொருளால் டிஸ்க்கின் ஸ்மார்ட் பதிவை (டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே குறித்துவைக்கும் பதிவை) படியுங்கள். அதில் பல வரிகள் வரும். எல்லாவற்றையும் பார்த்துக் கலங்க வேண்டாம். எண் 5, இதுவரை ஒதுக்கிவைத்து மாற்று இடம் தரப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. எண் 197, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. எண் 198, சோதனையில் மீட்க இயலாதவையாகத் தெரிந்தவை. இவற்றின் மூல மதிப்பு பூஜ்யமாக இருந்தால் டிஸ்க்கை ஓரளவு நம்பலாம். பூஜ்யத்தைத் தாண்டி, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டும் இருந்தால், அந்த டிஸ்க்கில் எஞ்சிய நாட்கள் குறைவு என்று கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட நிலையில், ஆய்வேடு போன்ற அளவில் சிறிய, ஈடு செய்ய முடியாத கோப்புகள் இருந்தால், அவற்றை மட்டும் உடனே வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடுங்கள். அதன்பின் முழு டிஸ்க்கையும் ‘ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ’ என்ற மென்பொருளால் நகலெடுக்க வேண்டும். சாதாரண நகல் முறை பழுதான செக்டர் ஒன்றைக் கண்டதும் அங்கேயே தேங்கிவிடும். டிடிரெஸ்க்யூ எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை எல்லாம் முதல் சுற்றிலேயே காப்பாற்றிவிட்டு, கடினமான இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வருகிறது. எதுவரை முடிந்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், இடையில் டிஸ்க் சூடேறி நின்றாலும், ஆறவிட்டு விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். நகல் சேரும் டிஸ்க், மூல டிஸ்க்குக்குச் சமமான அல்லது அதைவிடப் பெரிய கொள்ளளவு உடையதாக இருக்க வேண்டும்; அதில் ஏற்கெனவே உள்ளவை அழிந்துவிடும். மூலம் எது, நகல் எது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று டிஸ்க்கின் உள்ளடக்கம் தங்கள் கோப்புகளின் மேல் எழுதப்பட்டுவிடும் என்பதால், கட்டளையைத் தட்டுவதற்கு முன் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் தாளில் எழுதி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள 1 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் நகலெடுக்கவே சுமார் 2 மணி 45 நிமிடம் ஆகும். பழுதான டிஸ்க்குக்கு நாட்கள்கூட ஆகலாம். பொறுமை வேண்டும். நகலெடுக்கும் நடுவே ‘டக் டக்’ ஒலி தொடங்கினால் நிறுத்திவிட்டு, மேலே இரண்டாவது கடிதத்துக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

நகல் கைக்கு வந்தபின் செக் டிஸ்க்கை அந்த நகலின் மேல் தாராளமாக ஓட்டுங்கள். தவறு நேர்ந்தாலும் மூலத்திலிருந்து இன்னொரு நகல் எடுக்க வாய்ப்பு இருக்கும்.

எண்கள் எல்லாம் பூஜ்யமாகவே இருந்து பூட் கோப்புகள்தாம் சிதைந்தவை என்று தெரிந்தால், கோப்புகளை நகலெடுத்துக்கொண்டபின், விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து பூட் செய்து பழுது பார்க்கும் பகுதிக்குச் செல்லுங்கள். ஸ்டார்ட்அப் ரிப்பேர் பயன் தராதபோது, கட்டளைத் திரையில் ‘பிசிடிபூட்’ கட்டளை பூட் கோப்புகளைப் புதிதாக எழுதித் தரும். அந்தச் சூழலில் விண்டோஸ் இருக்கும் பகுதி சி அல்லாமல் வேறு எழுத்தில் தோன்றக்கூடும். எந்த எழுத்து என்று உறுதி செய்துகொண்டு கட்டளையைக் கொடுங்கள்.

கேள்வி: ஸ்மார்ட் பதிவு ‘குட்’ என்றே காட்டியது. இரண்டே வாரத்தில் டிஸ்க் செத்துவிட்டது. அந்தப் பதிவை நம்பலாமா, கூடாதா?

பதில்: அது கெட்ட செய்தி சொன்னால் நம்புங்கள், நல்ல செய்தி சொன்னால் முழுமையாக நம்பாதீர்கள். கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கண்காணித்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது காணும் பிழை) தோன்றிய டிஸ்க்குகள் அடுத்த 60 நாட்களுக்குள் பழுதடையும் வாய்ப்பு, பிழை இல்லாதவற்றைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில், பழுதடைந்த டிஸ்க்குகளில் 56 விழுக்காட்டுக்கும் மேலானவை, வலுவானவை என்று கருதப்பட்ட நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூட முன்னதாகக் காட்டவில்லை. தங்களுக்கு நேர்ந்தது விதிவிலக்கல்ல. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: டிஸ்க்குக்கும் கணினிக்கும் இடையே தகவல் செல்லும்போது நேரும் பிழைகளைக் காட்டும் எண் 199 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால், அது பெரும்பாலும் தகடுகளின் பழுதல்ல, கேபிளின் பழுது.

கேள்வி: மடிக்கணினியில் எஸ்எஸ்டி இருக்கிறது. நேற்றுவரை நன்றாக இருந்தது. இன்று பயாஸிலேயே தெரியவில்லை. எந்த ஒலியும் இல்லை, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: எஸ்எஸ்டி என்பது தகடுகளுக்குப் பதில் நினைவகச் சிப்புகளில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க். அதில் சுழலும் பாகம் இல்லை, ஆகவே ஒலி எழுப்பி எச்சரிக்க அதற்கு வழியில்லை. அதன் கட்டுப்பாட்டுச் சிப் நின்றுவிட்டால், நினைவகச் சிப்புகள் நலமாக இருந்தாலும் டிஸ்க் முழுவதும் ஒரே நொடியில் காணாமல் போய்விடும். மடிக்கணினியை முழுவதுமாக நிறுத்தி, மின் இணைப்பைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, சில நிமிடம் கழித்து இயக்கிப் பாருங்கள். எம்.2 வகை (மதர்போர்டில் நேரே செருகும் மெல்லிய அட்டை) எஸ்எஸ்டியாக இருந்தால் திருகை நீக்கி, வெளியே எடுத்து, மறுபடி அழுத்திச் செருகிப் பாருங்கள். சில மாடல்களில் எஸ்எஸ்டி மதர்போர்டுடனே பற்றவைக்கப்பட்டிருக்கும்; அவற்றில் இதற்கு வாய்ப்பில்லை.

மீண்டும் தெரிய வந்தால், விண்டோஸைப் பற்றிக் கவலைப்படாமல் முதலில் கோப்புகளை நகலெடுங்கள். ஒருமுறை மறைந்தது மறுமுறையும் மறையும். எஸ்எஸ்டியை வேறு கணினியில் இணைத்து நகலெடுக்க எண்ணினால், பிட்லாக்கர் பூட்டு (டிஸ்க்கில் உள்ளதைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் விண்டோஸ் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். பல மடிக்கணினிகளில் உரிமையாளர் அறியாமலேயே அது இயங்கிக்கொண்டிருக்கிறது. 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் உள்ளே உள்ள எதையும் படிக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். இதைப் படிக்கும் மற்ற வாசகர்கள், தங்கள் கணினி நலமாக இருக்கும் இன்றே அந்தச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளும்படி மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.

கேள்வி: டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி அடாப்டர் வழியாக வேறு கணினியில் இணைத்தேன். ‘பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்கிறது. சம்மதிக்கலாமா?

பதில்: கூடாது; ரத்து செய்யுங்கள். டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா (புதிய டிஸ்க்காகக் கருதித் தயார் செய்யவா) என்று கேட்டாலும் அதே பதில்தான். விண்டோஸுக்குக் கோப்பு அமைப்பு புரியவில்லை என்பதையே அந்தச் செய்தி காட்டுகிறது. கோப்புகள் இல்லை என்பதை அல்ல. மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்காக இருந்தால் அதற்கு 12 வோல்ட் தனி மின்சாரம் தேவை. அடாப்டரில் அதற்கான இணைப்பு உள்ளதா என்று பார்த்துவிடுங்கள். பின்பு, மேலே சொன்னபடி முதலில் முழு நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலில் ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு தொலைந்த பகுதிப் பட்டியலை (டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருந்தது என்ற குறிப்பை) தேடலாம். அது கைகொடுக்காதபோது ‘ஃபோட்டோரெக்’ கோப்புகளை அவற்றின் உள்ளமைப்பை வைத்தே தேடி எடுத்துத் தரும். ஆனால் கோப்புகளின் பெயர்களும் கோப்புறைகளும் திரும்ப வரமாட்டா.

கேள்வி: தகவலை மீட்டாயிற்று, புது டிஸ்க்கும் மாட்டியாயிற்று. பழைய டிஸ்க்கை முழுவதும் ஃபார்மட் செய்தபின் பேட் செக்டர் எண்ணிக்கை பூஜ்யமாகிவிட்டது. திரைப்படங்கள் சேமிக்கப் பயன்படுத்தலாமா?

பதில்: தொலைந்தால் வருந்தமாட்டீர்கள் என்றால் பயன்படுத்தலாம். காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை பூஜ்யமானதற்குக் காரணம், அவற்றின் மேல் புதிதாக எழுதியபோது டிஸ்க் அவற்றை மறுபடி ஏற்றுக்கொண்டதோ மாற்று இடம் தந்ததோதான். எண் 5 ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் மாற்று இடம் தரப்பட்டிருக்கிறது. பழுதுக்கு மூலமான காரணம் நீங்கியதாக அதற்குப் பொருளில்லை. பிறருக்குக் கொடுக்கவோ விற்கவோ எண்ணினால், டிஸ்க் முழுவதையும் ஒருமுறை பூஜ்யங்களால் மேலெழுதுங்கள். சாதாரண க்விக் ஃபார்மட் கோப்புகளை அழிப்பதில்லை. இயங்கவே இயங்காத டிஸ்க்காக இருந்தால், மேலெழுத வழியில்லாததால், தகடுகளைத் துளையிட்டோ வளைத்தோ சிதைத்தபின் மின்னணுக் கழிவாகச் சேர்த்துவிடுங்கள்.